டில்லிச் சுவரில் மாட்ட ஒரு படம்

பருத்திப்பட்டு, ஆவடி
20-12-1970

சிரஞ்சீவி குணசேகரனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இவ்விடம் உன் அம்மா சுகம், சினை ஆடு சுகம், செத்துப்போன நானும் சுகம். அவ்விடம் நீயும் மருமகளும் சுகமாயிருக்க வேண்டும். இனி நான் எழுதப்போவது கற்பூரம் அடித்துச் சொன்னாலும் இந்தப் பூவுலகில் ஒருவரும் நம்பமாட்டாத கதை, ஆகையால் உட்கார்ந்துகொண்டு படி.

போன மாதம் எங்கள் தொழிற்சாலைப் பயிற்சிக்கு டில்லி வந்த மண்ணூர்பேட்டை வேம்புலி உன் வீட்டில் காப்பி சாப்பிட்டானாமே, அப்போது உன் மாமனார், பாவம் மாப்பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே தகப்பனார் தவறிவிட்டார் என்று அவனிடமே சொல்லி வருத்தப்பட்டாராம். ஊர் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணாத்தே, அண்ணிகிட்ட மூச்சு வுடாதே, அது தாங்காது என்றான். நானும் விடவில்லை. தொழிற்சாலையில் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன், வருஷா வருஷம் ஆண்டு விழாவில் வேஷம் கட்டுகிறவன், இப்படி ஒரு தகப்பன் இருப்பதைவிட இல்லாமலிருப்பதே உனக்குக் கௌரவம் என்று புரிந்துகொண்டேன். சின்ன வயதிலும் நான் கரடி வேஷத்தில் வந்தால் நீ கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய்.

செத்தது செத்தாயிற்று, சும்மா கிடப்பானேன் என்று இந்த வருஷ மாறுவேடப் போட்டிக்குச் சொர்க்கலோகத்து மகாராஜாவாகவே போனேன். குடைத் துணியில் இரண்டு சிறகு, பிஸ்கட் டின்னை வெட்டிக் கிரீடம், முகமெல்லாம் வெள்ளிப் பொடி. சிறகை ஒரு தட்டுத் தட்டினேன், ஏரித் தண்ணீர் பாதி கரையேறி ஓடிவிட்டது. அரக்கோணம் ரயிலை நிறுத்திவிட்டு டிரைவர் இறங்கி வந்து கும்பிட்டுவிட்டுப் போனான். நடுவர் மைக்கைப் பிடித்து, மகாராஜா எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். டில்லியில் செத்து ஆவடியில் இறங்கினவன் என்றேன், குவார்ட்டர்ஸே குலுங்கிச் சிரித்தது, என் இடுப்பு உயரத்துக்கு வெள்ளிக் கோப்பை கொடுத்தார்கள்.

குமணன்சாவடி ஸ்டுடியோக்காரன் உத்தமன் படம் எடுத்தான். இன்னா மாமே, எழவு ஊட்ல மாட்டற படம் மாதிரி மொறைக்கிறே, கொஞ்சம் சிரி என்றான். அந்த முகம்தான் வேணும், அப்படியே எடு என்றேன். ஒரு பிரதி இதனுடன் வைத்திருக்கிறேன். தகப்பன் செத்த வீட்டில் படம் இல்லாவிட்டால் உன் மாமனார் என்ன நினைப்பார்? கண்ணாடி போட்டு, சந்தன மாலை சார்த்தி, சின்னச் சிவப்பு பல்பு ஒன்று எரியவிடு. பொடிக்குள் என் முகம் தெரியாது, நீ பயப்பட வேண்டாம்.

மருமகளுக்கு என் ஆசீர்வாதம், முன்னோர் ஆசி என்று சொல்லிக் கொடுத்துவிடு. அங்கே பனி அதிகமாம், காதைக் கட்டிக்கொள். உன் அம்மா உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று எனக்கு எழுதவேண்டாம், இருக்கிறாள் என்று வைத்துக்கொண்டு பொங்கலுக்குள் அவள் பேருக்கு ஒரு கார்டு போடு, மறக்காதே.

ஏரி பொய், ரயில் பொய், கோப்பையும் பொய், கிடைத்தது ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா. மைக்கில் நான் சொன்ன பதில் மட்டும் நிஜம். அதற்கு எல்லாரையும்விட அதிகம் சிரித்தவள் உன் அம்மாதான். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்டு என் முகத்துப் பொடியைத் துடைத்துக்கொண்டே, ஏன்யா, சாவறதுக்கு இன்னாத்துக்கு டில்லிக்குப் போனே, புள்ள கீறானேன்னா என்று கேட்டாள். கண்ணில் பொடி விழுந்துவிட்டது என்று மூடிக்கொண்டேன்.

இப்படிக்கு,
காலஞ்சென்ற உன் அப்பா,
வீராசாமி