வறுமையிடம் ஏது கறி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? ஆஸ்திரேலியச் சுரங்கத்தில் எனக்குத் தூசியைத் தவிர குறையில்லை.

கேப்டன் குக் கடலுக்கு அப்பால் நம் தீவில் வந்திறங்கிய அன்றே நம் ஆளைச் சுட்டான். பிறகு சாப்பாடு கிடைக்கவில்லை என்று நம் கரைக்கு 'வறுமை விரிகுடா' என்று பெயர் வைத்தான். அதனால் இங்கே என் பட்டப்பெயர் வறுமை.

ஞாயிறன்று குழி வெட்டி, கல்லைச் சூடாக்கி, பன்றிக்கறியும் கிழங்கும் புதைத்து ஹாங்கி போட்டேன். முகாமே தட்டோடு நின்றது. மேஸ்திரி டாரல் மூன்றாம் முறை வந்தான்.

"டேய் வறுமை, இன்னும் ரெண்டு துண்டு போடுடா."

"வறுமைகிட்ட ஏதுய்யா கறி? எங்க ஊரு பேரு தூரங்கா. அதச் சொல்லிக் கேளு."

வரிசையே சிரித்தது. டாரல் தட்டை நீட்டியபடி "தூரங்கா" என்றான். அள்ளி வைத்தேன்.

உன் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பு. துவைக்காதே, நம் வீட்டு அடுப்புப் புகை அதிலேயே இருக்கட்டும். முடிக்கிறேன். வெளியே டாரல் ஹாரன் அடித்து, "தூரங்கா, வண்டி கிளம்புது" என்று கத்துகிறான்.

உன் மகன்,
ஹோஹேபா