ஒற்றைக் கதவு

ஐப்பசி, செவ்வாய் இரவு.

பல்லடத்துப் பொன்னுசாமி இன்று என் பழம்பொருள் கடைக்கு ஒரு தேக்குக் கதவைக் கொண்டுவந்தார். இரட்டைக் கதவில் ஒன்று. பாகம் பிரித்தபோது அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று என்று கழற்றிக்கொண்டார்களாம். கதவைக்கூடவா பிரிப்பார்கள்!

ஏமாற்ற மனம் வரவில்லை. "ஒத்தையா வித்தா மர விலைதானுங்க. தம்பி கதவும் சேந்தா ஒரு காரே வாங்கலாமுங்க" என்றேன்.

"அப்ப இது இல்லீன்னா அவனுதும் வெறும் மரந்தானுங்களா?"

"ஆமாங்க." புரிந்துகொண்டார் என்று சந்தோஷப்பட்டேன், மடையன். அவர் கதவைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மத்தியானம், தெரிந்தவர்களிடம் எண் வாங்கி, கிணத்துக்கடவில் இருக்கும் தம்பியை நானே கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னதும், "அண்ணனே ரெண்டையும் வெச்சுக்கட்டுங்க. நாளைக்கு நானே கொண்டுபோய்க் குடுத்தர்றனுங்க" என்றார்.

அதைச் சொல்லத்தான் சாயங்காலம் பொன்னுசாமியைக் கூப்பிட்டேன். அவர் மனைவி எடுத்தார். "அவரு வூட்டுக்குப் பின்னால பொடக்காலீல கதவப் பொளந்துட்டு இருக்கறாருங்க. பாதி அடுப்புல எரியுதுங்க."

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. விடிந்தால் கதவோடு கிளம்பிவிடுவார்.