ஓர் எழுத்து கூடுதல்

பிப்ரவரி 9

காலையில் இரண்டு வகுப்புகள். ஏழு பேரில் ஒருவன் வெளிப்படையாகவே தூங்கினான். மற்றவர்கள் மரியாதைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருந்தார்கள். எண்ணூறு வருஷத்துக்கு முந்தைய பிரெஞ்சுக் கவிதையை முதல் மணி நேரத்தில் வைத்தால் வேறென்ன நடக்கும்?

அந்தக் கவிதையின் சுவடி இருக்கும் நூலகத்திலிருந்து புதிய படங்கள் வந்திருக்கின்றன. என் பதிப்பின் மறு அச்சுக்காகக் கேட்டிருந்தேன். இன்னும் திறக்கவில்லை.

பிப்ரவரி 11

திறந்தேன். நாற்பத்து மூன்றாம் ஏடு.

தமிழில் ‘நான் கைவிடப்பட்டேன்’ என்றால் சொல்வது ஆணா பெண்ணா என்று தெரியாது. பழைய பிரெஞ்சில் தெரிந்துவிடும். பெண்ணென்றால் அந்தச் சொல்லின் கடைசியில் ஓர் ‘எ’ கூடும். அரித்துப்போன அந்த ஏட்டில் அந்த ‘எ’யை நான்தான் முதலில் கண்டேன், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால். பெயர் தெரியாத கவிஞர் ஒரு பெண் என்று எழுதினேன். வேலை, பதவி, நாலு ஊரில் மேடை, எல்லாம் அந்த ஓர் எழுத்தால் வந்தவை.

புதிய படத்தில் அது எழுத்து மாதிரி இல்லை.

பிப்ரவரி 12

தங்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்குப் பிரெஞ்சு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் முப்பது வருஷமாக ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள், நிழலைப் பார்த்துப் பழகிய கண். படத்தைப் பெரிதாக்கி, சின்னதாக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“இது இந்தப் பக்கத்துச் சமாச்சாரமே இல்லக்கா. பின்னாடி எழுதினது ஊறி இந்தப் பக்கம் தெரியுது.”

சொல்லிவிட்டு அடுப்பை அணைக்கப் போய்விட்டாள். ஏட்டின் பின்பக்கப் படத்தைத் திருப்பிப் பொருத்திப் பார்த்தேன். அச்சாக அதே இடம். அதே வளைவு.

பிப்ரவரி 13

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 16

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வகுப்பு எடுத்தேன், விடைத்தாள் திருத்தினேன், துணி மடித்தேன். கையெல்லாம் யாருடையதோ போல வேலை செய்கிறது.

அந்த ‘எ’யைச் சேர்த்தால் வரியில் ஓர் அசை அதிகம். யாப்பு இடித்தது. அப்போதே தெரியும். படியெடுத்தவரின் கைத்தவறு என்று பதினொரு பக்கம் சமாதானம் எழுதியிருக்கிறேன். எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறேன்! இன்று படித்துப் பார்த்தேன். நானே மறுபடி நம்பிவிடுவேன் போலிருக்கிறது.

பிப்ரவரி 20

துறைத் தலைவரிடம் சொன்னேன். மே மாதம் எனக்குப் பாராட்டுக் கருத்தரங்கம் வைத்திருக்கிறார். ‘அவளுடைய குரல்’ என்று தலைப்பு, சுவரொட்டி அச்சுக்குப் போய்விட்டதாம். துறையை மொழியியலோடு இணைத்துவிடப் பார்க்கிறார்கள், இந்த நேரத்தில் இது தேவையா என்று கேட்டார். கெட்ட மனிதரில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

“ரிட்டயர் ஆகிட்டு மெதுவா எழுதுங்களேன். அந்த ஏட்டை யாரு போய்ப் பார்க்கப் போறா?”

யார் பார்ப்பார்கள்? கமா பார்ப்பாள்.

கமா என் பழைய மாணவி. ஆய்வேட்டில் அவள் விட்ட இடமெல்லாம் நான் கமா போட்டுப் போட்டு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இப்போது வேறு பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். போன வருஷம் இதே கவிதையைப் பற்றிப் புத்தகம் போட்டாள். அதில் என் கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மாதம் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை நான்.

மார்ச் 3

கமாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும் மேடம்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“அது பின்பக்கத்து மைன்னு. நாலு வருஷம் முன்னாடி அந்த ஏட்டையே வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன்.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“உங்க புத்தகத்தைப் படிச்சுட்டுதான் நான் இந்தப் படிப்புக்கே வந்தேன். அது தப்புன்னு எந்த வாயால சொல்றது? அதான் என் புத்தகத்துல அந்தப் பக்கமே போகல.”

அப்படியென்றால் நான் முறைத்துக்கொண்டு திரிந்தபோதும் அவள் வாயைத் திறக்கவில்லை. நன்றிகெட்டவள் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். ஐயோ, எத்தனை தடவை சொன்னேன்.

மார்ச் 4

என்னிடம் உண்மை சொல்ல முடியாது என்று அவளுக்கு யார் கற்றுக்கொடுத்தது? நான்தானே.

மார்ச் 17

திருத்தக் குறிப்பு எழுதி ஆய்விதழுக்கு அனுப்பிவிட்டேன். இரண்டரைப் பக்கம். முதலில் கண்டறிந்தது கமா என்று அவள் முழுப் பெயரோடு எழுதினேன். வேண்டாம் என்றாள். அது ஒன்றில் மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

மே 8

என் பாராட்டு விழாவில் அந்த இரண்டரைப் பக்கத்தை வாசித்தேன். யாரோ இருமினார்கள். துறைத் தலைவர் பூங்கொத்தைக் கொடுப்பதா வேண்டாமா என்று மடியிலேயே வைத்திருந்தார்.

வகுப்பில் தூங்குகிறவன் எழுந்து, அப்படியென்றால் அதை எழுதியது ஆணா என்று கேட்டான். “தெரியாது” என்றேன். கவிதையில் பேசுவது ஆண்குரல், எழுதியது யாரோ. மேடையில் தெரியாது என்று சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். வாயில் ஒரு ருசியும் இல்லை, கசப்பும் இல்லை.

கமா வந்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் என் புடவையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிவிட்டாள்.

மே 29

துறை இணைப்பு உறுதி. என்னால்தானா என்று கேட்டேன். உத்தரவு ஜனவரியிலேயே தயாராகிவிட்டதாம்.

ஜூலை 2

ஓய்வுபெற்று இரண்டாம் நாள். கமா இன்னொரு பழைய பிரெஞ்சுச் சுவடியின் படங்களை அனுப்பியிருக்கிறாள். குதிரை வைத்தியம், இதுவரை யாரும் பதிப்பிக்காதது. சேர்ந்து செய்யலாமா என்று கேட்டிருக்கிறாள். குதிரை வாடியிருந்தால் காரணம் தேடாதே, முதலில் லாடத்தைப் பார் என்று ஓரிடத்தில் வருகிறது. சிரித்துவிட்டேன்.

மூன்றாம் ஏட்டில் ஒரு சொல்லை ‘குளம்பு’ என்று படித்து எழுதி அனுப்பினேன். ஐந்தே நிமிடத்தில் போன்.

“இல்ல மேடம், தப்பாப் படிக்கிறீங்க. அது ‘கழுத்து’.”

ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். அவள் விட்டுக்கொடுக்கவே இல்லை. அவள் சொல்வதுதான் சரி போலிருக்கிறது. நாளை மறுபடி பார்க்க வேண்டும்.