கியோட்டோவுக்குப் போகாதீர்கள் என்று எழுதினேன்

4.1.1995, மேற்கு தாம்பரம்

அவரிடமிருந்து கடிதம். திருமுடிவாக்கம் கம்பெனி அவரை ஜப்பானுக்கு, கோபே நகருக்குப் பயிற்சிக்கு அனுப்பி இரண்டு மாதம் ஆகிறது. நாலு பக்கமும் கியோட்டோதான். பதினாறாம் தேதி லீவாம். பக்கத்து ஊரான கியோட்டோவைப் பார்த்துவிட்டு, ஒரு ராத்திரி அங்கே பழைய காலத்துச் சத்திரத்தில் தங்கப்போகிறாராம். பாய் பதித்த அறை, மண்டியிட்டு உட்கார்ந்து வாங்கிக் குடிக்கும் பச்சைத் தேநீர், கோயிலுக்குள் வெறும் கல்லும் மணலுமாக ஒரு தோட்டம், பட்டு நெய்யும் தெரு.

பேபிக்கு அம்மை என்று எழுதியிருந்தேனே? அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

5.1.95

பதில் போட்டுவிட்டேன். பிள்ளை படுத்துக் கிடக்கும்போது ஊர் சுற்றத் தோன்றுகிறதா, லீவு நாளில் கம்பெனி ஹாஸ்டலிலேயே இருங்கள் என்று. பெட்டியில் போட்டபோது திருப்தியாகத்தான் இருந்தது.

17.1.95

காலையில் மாடிவீட்டு தனம் அக்கா ஓடி வந்தார். "இன்னா ஜோதி, ரேடியோ கேட்டியா? உன் வூட்டுக்காரர் கீற ஊர்லதான் பூகம்பமாம்."

கோபே. விடியுமுன், எல்லோரும் தூங்கும் நேரத்தில்.

என் கடிதம் லீவுக்கு முன்பே கிடைத்திருக்கும். நான் சொன்னால் கேட்கிற மனுஷன். ஐயோ — என்ன பண்ணிட்டேன்.

18.1.95

கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் எழுந்து நாற்காலி போட்டார். அதுவே பயமாக இருந்தது. "ஹாஸ்டல்ல ஒரு பக்கம் இடிஞ்சிருக்குன்னு டோக்கியோலேர்ந்து ஃபேக்ஸ் வந்திருக்கும்மா. பேர் எதுவும் வரலை."

தன் அறை ஜன்னலில் கடல் தெரியும் என்று முன்பு கடிதத்தில் எழுதியிருந்தார். அது எந்தப் பக்கம்? அங்கே யாருக்கும் தெரியவில்லை.

19.1.95

ஜெபிக்க உட்கார்ந்தால் என் கையெழுத்துதான் கண்முன் வருகிறது.

20.1.95

தனம் அக்கா வீட்டுக்கு போன். அவர் குரல்!

"கியோட்டோல இருந்தேன் ஜோதி. சத்திரம் ஆடுச்சு, ஒண்ணும் ஆகலை. லைனே கிடைக்கலை. பாதி தூரம் நடந்து கோபே வந்துட்டேன்."

"என் லெட்டர் வரலையா?"



"வந்துச்சு. அதுக்கு முந்தின லெட்டர் லேட்டா கிடைச்சு, பேபிக்கு அம்மைன்னதும் போகவேணாம்னுதான் இருந்தேன். இந்த லெட்டரைப் படிச்சதும் கோபம் வந்துச்சு. கிளம்பிட்டேன்."

அழுதேனா சிரித்தேனா தெரியவில்லை. ஹாஸ்டலில் அவருக்குப் பக்கத்து அறைப் பையன் இறந்துவிட்டானாம். மணிலாக்காரன்.

24.1.95

மறுபடி போன். கம்பெனி உடனே திரும்பச் சொல்கிறது. அவர் இழுத்து இழுத்துப் பேசினார். ஹாஸ்டலில் சமைத்துப் போட்ட அம்மாளின் வீடு தரைமட்டமாம். பள்ளிக்கூடத்தில் முந்நூறு பேர் தங்கியிருக்கிறார்களாம், அந்தக் குளிரில் தண்ணீர் சுமக்க ஆள் போதவில்லையாம்.

"பத்து நாள் இருந்துட்டு வரட்டுமா ஜோதி?"

பேபி ரிசீவருக்காக என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று வாய்வரை வந்தது.

"ஸ்வெட்டர் இருக்கா உங்ககிட்ட?" என்று கேட்டேன்.