வலி இல்லாத ரத்தம்

மைனி,

காலையில் அம்மா வெந்தயம் ஊறவைத்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். "வயித்துச் சூட்டுக்கு நல்லது, குடி" என்றாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எடுத்துப்போய் எஸ்டேட் லயத்து வீட்டு வாசலில் கொட்டிவிட்டேன். உங்களுக்கும் இதைத்தானே கொடுத்தாள்.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு பீர்மேட்டுக்கு வந்தபோது நான் கல்யாணமாகிக் கஞ்சிக்கோட்டுக்குப் போயிருந்தேன். நம் பழக்கமெல்லாம் ஃபோனில்தான். சாப்பாட்டு நேரத்தில் தேயிலைச் சரிவில் சிக்னல் கிடைக்கும் இடம் தேடி நின்று கூப்பிடுவீர்கள். சூப்பர்வைசர் மாதிரி பேசிக் காட்டுவீர்கள். பின்னால் கொழுந்து பறிக்கிற பெண்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும்.

எனக்கு மூன்றாம் மாதத்தில் ரத்தம் பட்டபோது அம்மா படுத்திருந்தால் போதும் என்றாள். நீங்கள்தான் விடவில்லை. "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ. அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்." போனேன். ஸ்கேனில் குழந்தையின் இதயம் துடித்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் படுவது பலருக்கு உண்டு, ஆனால் சோதித்துப் பார்க்காமல் அதை யாரும் சொல்லிவிட முடியாது என்றார் டாக்டர். அம்மா அதில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

உங்கள் விஷயம் வேறு. நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை மூடிக்கொண்டிருக்கிறது, வலி இல்லாமல் ரத்தம் பட்டாலும் உடனே வந்துவிட வேண்டும் என்று உங்கள் டாக்டர் சொல்லியிருந்தார். அதை எனக்குச் சொன்னதே நீங்கள்தான்.

எட்டாம் மாதம். ஒரு மத்தியானம் கூப்பிட்டீர்கள். "வலி ஒண்ணுமில்ல. ஆனா பாவாடையெல்லாம் ரத்தம். பயமாருக்கு."

"இப்பவே ஜீப்பைக் கூப்பிடுங்க மைனி" என்றேன். அதற்குள் அங்கே அம்மா உங்கள் கையிலிருந்து ஃபோனை வாங்கிக்கொண்டாள்.

"ஏட்டி, ஒனக்கும் படத்தானே செஞ்சிச்சு? புள்ள நல்லாத்தானே பொறந்தான்? இவ வலியே இல்லங்கா, பெறவு என்ன பயம்? வெந்தயத் தண்ணி குடிச்சிட்டுப் படுக்கட்டும்."

"எனக்குப் பட்டது வேற, அவங்களுக்குப் படறது வேறம்மா. வலி இல்லாம வாரதுதான் ஆபத்துன்னு டாக்டர் சொல்லிருக்கார்" என்று கத்தினேன். அண்ணனிடம் பேசினேன். "நின்னுருச்சு. நாளைக்குப் பாப்போம்" என்றான். அவனுக்கு அம்மாவை மீறிப் பழக்கமில்லை.

மறுநாள் விடிந்ததும் மகனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் அண்ணன் கூப்பிட்டான். மறுபடி ரத்தம், நிற்கவே இல்லை, ஜீப்பில் ஏற்றியிருக்கிறோம் என்றான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது குழந்தையை அறுத்து எடுத்திருந்தார்கள். நீங்கள் இல்லை.

"நேத்தே கொண்டு வந்திருக்கலாமே?" என்று நர்ஸ் கேட்டார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா சுவரைப் பார்த்தாள். பிறகு என் இடுப்பில் இருந்த மகனைக் காட்டி, "இவனுக்கும் இப்படித்தாம்மா பட்டுச்சு" என்றாள், அப்போதும்.

அதற்குப் பிறகு பல நாள் என் பிள்ளையை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. அவன் நன்றாகப் பிறந்ததையே உங்களுக்கு எதிராகச் சாட்சி ஆக்கினார்கள். அன்றைக்கு என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதே நீங்கள்தான் என்பது அம்மாவுக்கு நினைவில்லை. நான் சொன்னபோதும் காதில் வாங்கவில்லை.

அம்மாவோடு பேசாமல் இல்லை. மழை, மருந்து, கறி விலை எல்லாம் பேசுகிறோம். மன்னிப்பு மட்டும் எனக்கு வரவில்லை. வர வேண்டும் என்ற ஆசையும் இல்லை.

உங்கள் மகள் இப்போது வாசலில் ஓடித் திரிகிறாள். என்னை அத்தை என்கிறாள். தன் அம்மா எப்படிச் செத்தாள் என்று என்றைக்காவது கேட்பாள். இந்த வீட்டில் அதற்கு "விதி" என்ற பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். என்னிடம் கேட்டால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். "உங்கம்மாவுக்கு ரத்தம் பட்டது. அவளுக்குப் போகணும்னு தெரியும். இவங்க கூட்டிட்டுப் போகலை" என்றுதான் சொல்வேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும்.