பேக்கரிப் பொண்ணுக்கு ஞாபகம் இருக்குமா?

ஜூன் 9

அன்புள்ள மருமகளுக்கு,

நானும் என் தோள்பட்டையும் சுகம். புது ஊரில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? "ம், சாப்பிடறேன்" என்று மழுப்பாமல் விவரமாக எழுது.

இன்று உன்னிடம் நியாயம் கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். நாம் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோமே அந்த ஜப்பான் கார்ட்டூன் (சரி, கோபப்படாதே, அனிமே), நீ போன பிறகு அதைத் தொடவே இல்லை. இன்று கடைக்கு லீவு. உன் புருஷன் வெளியே போய்விட்டான். என் மகன் என்று எழுத வந்தேன், கை பழக்கத்தில் எழுதிவிட்டது. விடு. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அடுத்த பகுதியைப் போட்டேன்.

போன பகுதி முடிவில் நம்ம மரமண்டை, மழையில் நனைந்துகொண்டே பேக்கரிப் பொண்ணிடம் மனசைச் சொன்னான். அவள் அழுதாள். நீ மூக்கை உறிஞ்சினாய். நான் தோள் வலிக்கிறது என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இன்றைக்கு என்னடாவென்றால், அவன் மறுபடியும் ரயிலை விட்டு இறங்குகிறான்! அதே ஸ்டேஷன். அதே பை, வார் அறுந்து அதே இடத்தில் விழுகிறது. முதல் பகுதியைத் தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று பார்த்தேன். இல்லை, ஐந்தாவதுதான். பேக்கரி வாசலில் அந்தப் பொண்ணு நிற்கிறாள். இவன் பாட்டுக்குக் கடந்து போகிறான். ஒரு ரொட்டிகூட வாங்கவில்லை! நேராக நீச்சல்குளத்துக்குப் போய், வேறொருத்தியைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான்.

இது என்னம்மா அக்கிரமம்? பையனுக்குத் தலையில் அடிபட்டுவிட்டதா? இல்லை, நடுவில் நான் எதையாவது கோட்டை விட்டேனா? காதுதான் கேட்காதே தவிர, கீழே ஓடுகிற எழுத்தை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். போனில் கேட்டால் நீ ஒன்று சொல்வாய், என் காதில் இன்னொன்று விழும். அதனால் எழுதிப் போடு.

அன்புடன்,
மாமா


ஜூன் 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி கேன்டீனில் படித்தேன். 'ஒரு ரொட்டிகூட வாங்கவில்லை' என்ற இடத்தில் சிரிப்பு வந்து டீ புரையேறிவிட்டது. பக்கத்தில் இருந்த நர்ஸ் முதுகில் தட்டிக்கொண்டே, "யாரு எழுதுனது?" என்றாள். "எங்க மாமா" என்றேன். நல்லவேளை, எந்த மாமா என்று அவள் கேட்கவில்லை.

மரமண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கதை முதலில் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டாக வந்தது. விஷுவல் நாவல் என்பார்கள். படத்தையும் பேச்சையும் பார்த்துக்கொண்டே கதையைப் படிப்போம். நடுநடுவே ஒரு கேள்வி வந்து நிற்கும். பேக்கரிக்குள் போகிறாயா, குளத்துப் பக்கம் போகிறாயா? எதைத் தொடுகிறோமோ அந்த வழியில் கதை போகும். ஒரு பொண்ணோடு கதை முடிந்ததும், திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்து வேறு வழியில் போகலாம். காலேஜ் ஹாஸ்டலில் நான் விழுந்து விழுந்து ஆடியது அது. டிவிக்கு எடுத்தபோது எந்தப் பொண்ணையும் விட மனசில்லாமல், நாலு பகுதிக்கு ஒருத்தி என்று வைத்துவிட்டார்கள். அதனால்தான் மறுபடி ரயில். அவன் யாரையும் ஏமாற்றவில்லை மாமா. நீச்சல்காரி கதையில், பேக்கரிப் பொண்ணோடு எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தம்.

என் அறை பரவாயில்லை. பக்கத்து வீட்டில் வாஷிங் மெஷின் ஓடினால் என் கட்டில் நடக்க ஆரம்பித்துவிடுகிறது, அது ஒன்றுதான் தொல்லை. உங்களை மாதிரியே தோளைக் கெடுத்துக்கொண்ட பஸ் கண்டக்டர் ஒருவர் என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறார். நான் தொடுவதற்கு முன்பே "ஐயோ" என்பார். நீங்கள் சுவரில் விரலால் ஏறும் பயிற்சியைச் செய்கிறீர்களா? செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். கடையில் ஸ்டூலில் ஏறிக் கண்ணாடி ஃபிரேம் எடுக்க மட்டும் தெரிகிறது, விழுந்த பிறகு வைத்தியம் செய்யத் தெரியவில்லை.

மதியம் சாப்பிட்டேன். இரவு சாப்பிடப் போகிறேன். விவரம் போதுமா?

உங்கள் மருமகள்


ஜூன் 23

அன்புள்ள மருமகளுக்கு,

நீ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். விளையாட்டு என்கிற வரைக்கும் புரிகிறது. அதற்கு அப்புறம் தலை சுற்றுகிறது.

எதுவுமே நடக்கவில்லை என்று அர்த்தமா? நான் பார்த்தேனே அம்மா! நீயும்தானே பார்த்தாய்? அவள் மாவுக் கையோடு அவன் சட்டையைப் பிடித்தாள், விரல் விரலாக வெள்ளையாய்ப் பதிந்தது. அது எங்கே போயிற்று? சரி, அவனுக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பொண்ணுக்கு? அவள் ஏன் அவன் போகிற பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்? சும்மா நிற்கிறாளா, இல்லை ஏதோ தெரிந்துதான் நிற்கிறாளா? இதற்கு மட்டும் பதில் சொல், விட்டுவிடுகிறேன்.

நீச்சல்காரியும் நல்ல பொண்ணாகத்தான் இருக்கிறாள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவளாக இருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

இதையே யோசித்துக்கொண்டிருந்து, நேற்று கடையில் ஒருத்தர் கண்ணாடியை இன்னொருத்தருக்குக் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாவம், அவர் அதை மாட்டிக்கொண்டு வாசல் படியைக் காலால் தேடிக்கொண்டிருந்தார்.

வேறொன்றும் கேட்க வேண்டும். கேட்கலாமா என்று தெரியவில்லை, கேட்டுவிடுகிறேன். பிரியப்போகிறோம் என்று நீங்கள் இரண்டு பேரும் சாப்பாட்டு மேஜையில் வைத்துச் சொன்னீர்கள். குழம்பு சரியில்லை என்பதுபோல அமைதியாகச் சொன்னீர்கள். அவனைக் கேட்டால், "ஒத்து வரலப்பா. பேசித்தான் முடிவு பண்ணோம்" என்கிறான். எப்போது பேசினீர்கள்? நான் பக்கத்து அறையில்தானே படுத்திருந்தேன்? சண்டை நடந்து, என் காதில்தான் விழாமல் போய்விட்டதா? விழுந்திருந்தால் எழுந்து வந்து ஏதாவது சொல்லியிருப்பேன். பெரிதாக என்ன சொல்லியிருப்பேன் என்று கேட்காதே. ஆனால் வந்திருப்பேன்.

அன்புடன்,
மாமா


ஜூலை 1

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் காதைக் குறை சொல்லாதீர்கள். சண்டை நடக்கவில்லை. பாம்புக் காது உள்ளவர் யாராவது எங்கள் கதவோரம் நின்றிருந்தாலும், ஃபேன் ஓடுகிற சத்தம்தான் கேட்டிருக்கும். அவர் ஒரு ஹெட்போன், நான் ஒரு ஹெட்போன்.

ஏன் என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தால் உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்லப் போகிறேன்? அவர் கெட்டவர் இல்லை. நானும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். கல்யாணமான புதிதில் ஒரு நாள், "என்ன யோசிக்கற?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றேன். "சரி" என்றுவிட்டார். அதற்கப்புறம் அதுவே பழகிவிட்டது. ஒண்ணுமில்ல, சரி. ஒண்ணுமில்ல, சரி. விளையாட்டில் என்றால் கேள்வி திரையில் வந்து நிற்கும். நிதானமாக யோசித்து ஒன்றைத் தொடலாம். நாங்கள், எது கேள்வி என்றே தெரியாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம் போலிருக்கிறது. எந்த இடத்தில் வழி திரும்பியது என்று இங்கே வந்தும் தேடிப் பார்க்கிறேன், பிடிபடவில்லை.

அந்த வீட்டில் நான் அதிகமாகப் பேசியது உங்களிடம்தான் மாமா. அதுவும் உங்கள் வலது காதுக்குள் கத்தி.

பேக்கரிப் பொண்ணுக்கு ஞாபகம் இருக்குமா? தெரியவில்லை. அத்தனை தடவை ஆடியும், அதை ஒருநாளும் நான் யோசித்ததில்லை. இப்போது நீங்கள் கேட்டதிலிருந்து வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

உங்கள் மருமகள்


ஜூலை 28

அன்புள்ள மருமகளுக்கு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதி எழுதிக் கிழித்தேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு மறுபடி கல்யாணம். கூட வேலை பார்க்கிற பொண்ணு. செப்டம்பரில் பதிவு செய்கிறார்கள். உன்னிடம் சொல்லிவிட்டேன் என்கிறான். சொன்னானா? அவன் முகத்தைப் பார்த்தால் சொன்ன மாதிரி தெரியவில்லை. வேறு யாரோ சொல்லி உனக்குத் தெரிவதற்கு நானே சொல்வது மேல் என்று பட்டது. அதுவும் சரியா தப்பா, தெரியவில்லை.

போன வாரம் அந்தப் பொண்ணு வீட்டுக்கு வந்தாள். நான் அனிமே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்ன பாக்கறீங்க அங்கிள்?" என்றாள். சட்டென்று டிவியை அணைத்துவிட்டேன், ஏதோ திருடி மாட்டிக்கொண்டவன் மாதிரி. "நியூஸ்" என்றேன். "நியூஸ் வாசிக்கறவங்களுக்கு இப்பல்லாம் இவ்ளோ பெரிய கண்ணா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு, ஏன் சிரித்தேன் என்று இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காது மிஷின் வாங்கிவிட்டேன். நீ மூன்று வருஷம் தொண்டை கிழியச் சொன்னாய், நான் அசையவில்லை. அவள், "வாங்க, சும்மா போய்ப் பாத்துட்டு வரலாம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எப்படிக் கிளம்பினேன் என்று சத்தியமாக எனக்குப் புரியவில்லை.

மிஷினை மாட்டிக்கொண்டு அனிமே போட்டேன். எழுத்து வேகமாக ஓடும்போதெல்லாம் நீ என் காதில் படித்துச் சொல்வாயே, அதனால் இத்தனை நாளும் அந்தப் பொண்ணுங்கள் எல்லோரும் உன் குரலில்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது கீச்சுகீச்சென்று யார் யாரோ பேசுகிறார்கள். கழற்றி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
மாமா


ஆகஸ்ட் 5

அன்புள்ள மாமாவுக்கு,

அவர் என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன். படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒருவர் முழங்காலை மடக்கிப் பிடித்தவள் விட மறந்துவிட்டேன். "மேடம், கால்" என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

வருத்தமா என்றால் இல்லை. சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. கல்யாணச் செய்தியை அப்படியே விழுங்கிவிட்டேன். காது மிஷின் என்ற இடத்தில்தான் அழுகை வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள். மிஷினைக் கழற்றி வைக்காதீர்கள். அவள் நல்ல காரியம் செய்திருக்கிறாள்.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்தாவது பகுதியிலிருந்து நான் எதையும் பார்க்கவில்லை. பழைய விளையாட்டை நினைவில் வைத்துக்கொண்டுதான் உங்களுக்குப் பதில் எழுதினேன். உங்கள் கடிதம் வரும்போதெல்லாம், அந்த சோபாவில் உங்கள் வலது பக்கம் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். எழுந்து திரும்ப இந்த அறைக்கு வந்து சேர நாளாகிறது. இனி அந்த இடத்தில் அவள் உட்கார வேண்டும். இரண்டு பேர் எப்படி உட்காருவது?

கொஞ்ச காலம் எழுத வேண்டாம் மாமா. எவ்வளவு காலம் என்று தெரியவில்லை. பிடித்துப்போய் இதைச் சொல்லவில்லை.

டிவியை அணைக்காதீர்கள். அவளுக்கு முதல் பகுதியிலிருந்து போட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,


ஆகஸ்ட் 14

அன்புள்ள அம்மாடிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்று மட்டும். இதற்குப் பதில் போட வேண்டியதில்லை.

உன் கடிதம் மேஜையில் இருந்ததை அவன் பார்த்துவிட்டான். பிரித்துப் படிக்கவில்லை, கையெழுத்தைப் பார்த்திருக்கிறான். "இன்னும் அவளுக்கு எழுதறீங்களாப்பா? நல்லாவா இருக்கு?" என்றான்.

"விவாகரத்துப் பேப்பர்ல நீங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்க. நான் எங்கயும் போடலையே" என்றேன்.

அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தான். "நல்லா இருக்காளா?" என்று கேட்டான். என்ன சொல்வது? "இருக்கா" என்றேன். இன்னும் ஏதோ கேட்க வந்த மாதிரி நின்றான். அப்புறம், "சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அவனிடம் அப்படிச் சொன்னதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நான் கையெழுத்துப் போடாமல் பிடித்துக்கொண்டிருப்பதால், நீ வாசலைத் தாண்டவும் முடியாமல் உள்ளே வரவும் முடியாமல் நிற்கிறாய் என்று தோன்றியது. சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரியாது. இந்த வருஷம் எனக்கு எதுவுமே சரியாகப் புரியவில்லை. ஆனாலும் நீ சொன்னபடியே நிறுத்திக்கொள்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

மாமா


டிசம்பர் 15

அன்புள்ள மாமாவுக்கு,

'மாமா' என்று எழுதிவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. அதுவே இருக்கட்டும்.

கல்யாணம் நல்லபடியாக நடந்ததாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் நன்றாக இருக்கட்டும். இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். முடியாது என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

மிச்சப் பகுதிகளைப் பார்த்து முடித்துவிட்டேன். கேன்டீனில் என் முதுகில் தட்டினாளே அந்த நர்ஸ், இப்போது அவளும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். மறுபடி ரயில் வந்ததும், "என்னடி இது, இவனுக்கு மறதி வியாதியா?" என்று குதித்தாள். பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து விளக்கினேன். "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, ஏன் இப்படிக் கத்தற?" என்றாள். அவளிடம் உங்களைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "அப்போ அவரு உனக்கு என்ன வேணும்?" என்றாள். எழுந்து போய் டீ போட்டேன்.

அடுத்த மாதம் ஒரு பயிற்சிக்காக உங்கள் ஊருக்கு அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வரமாட்டேன். அது யாருக்கும் நன்றாக இருக்காது. கடைக்கு வரட்டுமா? கொஞ்ச நாளாகத் தூரத்து எழுத்து மங்கலாகத் தெரிகிறது, வார்டுக் கதவில் போட்ட எண்ணைக் கிட்டே போய்த்தான் படிக்கிறேன். கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். பயிற்சி முடிகிற சனிக்கிழமை மதியம் வருகிறேன்.

அந்த நேரத்தில் கடையில் ஆள் இருப்பார்கள் என்று தெரியும். யாராவது, "இவங்க யாரு?" என்று உங்களைக் கேட்பார்கள். என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. நீங்கள் யோசித்து வையுங்கள் மாமா. என்ன சொன்னாலும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், எனக்கும் கேட்க வேண்டும்.

அன்புடன்,
நான்தான்