வலது கை முதலில்

தாடிக்கொம்பு
புதன்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

நாகஜோதி எழுதுவது. நானும் தமிழ்மதியும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தை உங்கள் வாயால் கேட்க வழியில்லாததால் இந்தக் கடிதம். முதல் ஒரு மாதத்துக்குப் போன் கிடையாது, நேரில் பார்க்கவும் கூடாது, வேண்டுமானால் கடிதம் போடுங்கள், பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்போம் என்று உங்கள் குடிநோய் மீட்பு இல்லத்து மேனேஜர் சொல்லி அனுப்பினார். கல்யாணம் ஆனதிலிருந்து உங்களுக்கு நான் கடிதமே எழுதியதில்லை. முதல் முதலாக எழுதுகிறேன், அதையும் உங்களுக்கு முன்னால் வேறொருவர் படிக்கப் போகிறார். படிக்கிற சாருக்கும் என் வணக்கம்.

ஊரில் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கையைக் காலைக் கட்டித்தான் தூக்கிப் போனார்களா என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் மகள் தலையில் கை வைத்து இனிக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, தானே பையைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினார் என்று எல்லாரிடமும் நிமிர்ந்து சொல்கிறேன். உங்களைப் பற்றி நான் நிமிர்ந்து பேசி எத்தனை காலமாயிற்று என்று உங்களுக்கே தெரியும்.

எனக்கு ஒரே கவலை உங்கள் சட்டைதான். சிரிக்காதீர்கள். வடமதுரைப் பக்கம் வண்டி கவிழ்ந்த நாளிலிருந்து உங்கள் வலது கை தோளுக்கு மேல் எழுந்ததில்லை. மதுரையில் பெரிய டாக்டரே பார்த்துவிட்டு, இனி இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் நான்தான் சட்டை மாட்டி விடுகிறேன். கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், ‘ஏ புள்ள, வலிக்குது’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம் போடுவீர்கள். அங்கே யார் மாட்டி விடுகிறார்கள்? வலது கையை முதலில் நுழைக்கச் சொல்லுங்கள், இடது கை அப்புறம். முன்பக்கம் பித்தான் வைத்த சட்டைகளாகத்தான் வைத்து அனுப்பியிருக்கிறேன். நீலக்கட்டம் போட்டது மேலே இருக்கும்.

இன்னொன்று. சேர்க்க வந்த அன்றே மேனேஜர் சாரிடம் சொன்னேன், அவர் போனைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார், அதனால் மறுபடியும் எழுதுகிறேன். பழனிப் பாதயாத்திரைக்கு மாலை போட்ட வருஷம் குடியை ஒரேயடியாக நிறுத்தினீர்கள். மூன்றாம் நாள் கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றித்தான் பிழைத்தீர்கள். இவருக்கு அப்படி வரும், டாக்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். இன்றைக்கு நீங்கள் அங்கே போய் மூன்றாம் நாள். அதனால்தான் வேலையெல்லாம் போட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன்.

சம்பங்கி நன்றாகப் பூக்கிறது. உங்கள் தம்பி மணிமாறன்தான் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு பூ மார்க்கெட்டுக்குப் போய் வருகிறான். திருப்பத்துக்குத் திருப்பம் ஹாரன் அடிக்கிறான், ஊரில் எவருக்கும் தூக்கமில்லை. தமிழ்மதி உங்கள் தலையணையை எடுத்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறாள்.

நீங்கள் நடந்து போன அதே பழனி சாலையில், முருகன் காலடியில்தான் இருக்கிறீர்கள். அவன் பார்த்துக்கொள்வான். ஆனாலும் அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும். நீங்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

உங்கள்
நாகஜோதி


தாடிக்கொம்பு
திங்கட்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

ஒரு வரியும் வரவில்லை. என் மேல் கோபமாக இருக்கிறீர்களாம், பேனா கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறீர்களாம். மேனேஜர் சார் சொன்னார். கோபம் இருக்கட்டும், ஆறிய பிறகு எழுதுங்கள்.

நேற்று மனசு கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டேன். ஒட்டன்சத்திரம் தாண்டியதிலிருந்தே ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கேட்டில் விடவில்லை. குடும்பத்தைப் பார்த்தால் மனசு மாறி ஓடி வந்துவிடுவார்கள், விதி விதிதான் என்றார்கள். நான் போக மாட்டேன் என்று வெயிலில் நின்றேன். கடைசியில் மேனேஜர் சார் இரக்கப்பட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் போய் நில்லுங்கள், மொட்டை மாடிக்குக் கூட்டி வரச் சொல்கிறேன், பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் போய்விட வேண்டும் என்றார்.

பார்த்தேன். நீலக்கட்டம் போட்ட சட்டை. வெயிலுக்குத் தலையில் துண்டைப் போர்த்தியிருந்தீர்கள், முகம் சரியாகத் தெரியவில்லை. வலது கையைத் தூக்கி, தலைக்கு மேலே நன்றாக நீட்டி, இப்படியும் அப்படியும் ஆட்டினீர்கள். எனக்கு ஒரு நிமிஷம் மூச்சே நின்றுவிட்டது. மதுரை டாக்டரால் ஆகாததை ஒரு வாரத்தில் சரி செய்துவிட்டார்களே என்று நினைத்தேன். நானும் கையை ஆட்டினேன், சிரித்தேன். மேனேஜர் சாருக்குக் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

இனிமேல் எனக்கு எந்தக் கவலையும் இல்லை. நல்ல இடத்தில்தான் இருக்கிறீர்கள். சும்மா சும்மா வந்து யாரையும் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சாரிடம் சொல்லுங்கள். மாதம் முடிந்ததும் வந்து கூட்டிப் போகிறேன்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்
நாகஜோதி


தாடிக்கொம்பு
வியாழக்கிழமை

மாமா,

இந்தக் கடிதத்தை உங்களுக்கு முன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். இதைத் தபாலில் போடப் போவதில்லை. நாளைக் காலையில் என் கையிலேயே கொண்டு வந்து உங்கள் கையில் தருவேன். அதனால் மனசில் இருப்பதை எழுதலாம்.

போன கடிதம் உங்களுக்கு எழுதியதே இல்லை. அது மேனேஜருக்கு எழுதியது. மாடியில் நின்றது நீங்கள் இல்லை என்று அந்தக் கை உயர்ந்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. என் புருஷன் எங்கேடா என்று அந்தக் கேட்டைப் பிடித்து உலுக்கியிருப்பேன். ஆனால் நான் கத்தினால் வெளியே நிற்கிற எனக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே இருக்கிற உங்களுக்கு என்ன ஆகும் என்று பயந்தேன். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ ஒரு மனிதனுக்குக் கை ஆட்டினேன். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் எவளோ ஒருத்தியின் புருஷன்தான், அடிக்குப் பயந்து ஏறி நின்றிருப்பான்.

மறுநாள் எழுதியதைப் படித்துவிட்டு மேனேஜர் மணிமாறனுக்குப் போன் பண்ணினார். உங்க அண்ணிக்கு இப்பத்தான் திருப்தி, சந்தோஷமா எழுதியிருக்காங்க என்றாராம். அப்போதுதான் எனக்கு இன்னும் பயம் கூடியது. முதல் கடிதத்தில் உங்கள் கையைப் பற்றி அவ்வளவு எழுதியிருந்தேன். அதையும் அவர்தான் பிரித்தார். புகார் ஏதும் இருக்கிறதா என்று பார்த்திருப்பாரே தவிர, உங்களைப் பற்றி எழுதியது ஒன்றும் கண்ணில் பட்டிருக்காது. இத்தனை நாளில் அங்கே ஒரு ஆள் ஒரு தடவை உங்களுக்குச் சட்டை மாட்டி விட்டிருந்தால்கூட, வேறொருவனை வலது கையை அப்படித் தூக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் நின்ற டீக்கடைப் பழனியம்மாள் அன்றைக்குச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். அவர் ஒன்றும் மறைத்துப் பேசுகிறவர் இல்லை, டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். போன வாரம் பின்பக்கத்து ரூமில் ஒருத்தரு தண்ணி தண்ணின்னு ராவும் பகலும் ஒரே சத்தமுங்க கண்ணு, கேக்கவே முடியலீங்க, புதங்கெழமைக்கு அப்புறம் சத்தமில்லீங்க, சரியாயிருச்சாட்ட இருக்குது என்றார். நான் டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். புதன்கிழமைதான் நான் முதல் கடிதம் எழுதிய நாள்.

மணிமாறனிடம் சொன்னபோது அவன் முதலில் நம்பவில்லை. அம்புட்டுத் தூரத்துல நின்னு பாத்தா யாரு கைன்னு எப்படித் தெரியும் அண்ணி, ரெண்டு அடி போட்டாத்தான் இந்தக் குடி விடும், நீங்க கொஞ்சம் கம்முனு இருங்க என்றான். அவனைத் திட்டவில்லை. நீலச் சட்டை மாதிரி ஒன்றை எடுத்து வந்து, உன் அண்ணன் சட்டை போடுகிற மாதிரி போட்டுக் காட்டு என்றேன். அவனுக்கு அது தெரியும், சின்ன வயசிலிருந்து உங்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். வலது கையை மடக்கியபடியே நுழைத்தவன், பாதியில் நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு அவன் ஹாரன் அடிக்கவில்லை.

நேராக நம் தெரு இஞ்ஞாசி மகள் ஜெஸ்ஸியிடம் போனோம். பெரியாஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாளே, அன்றைக்கு உங்களுக்கு வெட்டி இழுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள். அவள் முதலில் கேட்டது, அங்க டாக்டர் யாருக்கா என்றுதான். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் நடமாடினார்கள், நான் எல்லாரையும் டாக்டர் என்றே நினைத்துக்கொண்டேன்.

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரமாக வந்தது. தானா வந்து சேந்தவரு, வீட்டுக்குப் போறேன்னு வாய் திறந்து கேட்டா விட்டுரணும்க்கா. பொண்டாட்டி பிள்ளைகிட்டப் போன்ல பேசக் கூடாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல. கடுதாசியைப் பிரிக்க அவங்க யாரு? என்ன மாத்திரை குடுக்குறாங்கன்னு அவரு கேட்டா அவருக்குச் சொல்லணும், நீங்க கேட்டா உங்களுக்குச் சொல்லணும். கட்டிப் போடுறதும் அடிக்கிறதும் வைத்தியமே இல்லக்கா என்றாள். இந்த உரிமையெல்லாம் முன்னாலிருந்தே நமக்கு உள்ளதாம். விதி விதி என்று அவர்கள் ஒரு வார்த்தையைச் சொன்னதும், படித்தவன் படிக்காதவன் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். அங்கே என்னோடு இன்னும் நாலைந்து பெண்கள் நின்றார்கள். எல்லாரும் மாடியைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்கள். அவர்கள் பார்த்தது யாரை என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

ஜெஸ்ஸிதான் கோர்ட்டு வளாகத்தில் இலவசச் சட்ட உதவி ஆபீசுக்குக் கூட்டிப் போனாள். பக்ருன்னிசா என்று ஒரு வக்கீலம்மா. நான் அழுது முடிக்கிறவரைக்கும் காத்திருந்து, பிறகு எல்லாவற்றையும் கேட்டு மனு எழுதினார். அதிகாரி ஒருவரும் அரசு டாக்டர் ஒருவரும் நாளைக்குப் போய்ப் பார்க்க உத்தரவு வாங்கிவிட்டார். நானும் மணிமாறனும் கூடப் போகிறோம். இந்தத் தடவை டீக்கடையில் நிற்க மாட்டேன்.

எல்லாம் எழுதி முடித்த பிறகு வக்கீலம்மா தலையைக் குனிந்துகொண்டு, உங்க வீட்டுக்காரருக்கு உடம்புல அடையாளம் ஏதும் இருக்காம்மா என்று கேட்டார். வலது தோளில் வண்டி கவிழ்ந்தபோது போட்ட தையல் தழும்பு, இடது புருவத்தில் ஒரு மச்சம் என்று சொன்னேன். அடையாளம் எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஜெஸ்ஸி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தமிழ்மதியிடம் அப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தலையணையைத் துவைத்துக் கொடு, அப்பா வந்தா வேணும்ல என்றாள். வெயிலில் காயப்போட்டிருக்கிறேன். நீங்கள் திரும்பி வந்து குடித்தாலும் பரவாயில்லை மாமா. இப்படி எழுதக் கூடாது என்று தெரியும். எழுதிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

அந்த நீலச் சட்டை இனி வேண்டாம். அதை எவன் போட்டிருந்தாலும் அவனுக்கே இருக்கட்டும். திண்டுக்கல்லில் புதிதாக ஒன்று எடுத்து, விறைப்புப் போகத் துவைத்து, மடித்துப் பையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு அந்த ரூமில் நீங்கள் உட்கார்ந்திருந்தாலும் சரி, படுத்திருந்தாலும் சரி, வேறு யாரையும் தொட விடமாட்டேன். நான்தான் மாட்டி விடுவேன். வலது கையைத்தான் முதலில் நுழைப்பேன். கொஞ்சம் இழுத்துவிட்டால், எப்போதும் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, வலிக்குது என்று ஒரு சத்தம் போடுங்கள் மாமா. வேறு எதுவும் பேச வேண்டாம். அது ஒன்று போதும் எனக்கு.

உங்கள்
நாகஜோதி